கொகேஷிக்கும் தருமாவுக்கும் ஏன் கை கால் இல்லை?

கேள்வி இது: "ஜப்பானிலிருந்து வந்த உறவினர் இரண்டு பொம்மைகள் கொடுத்தார். ஒன்று கை கால் இல்லாத மரப் பெண் பொம்மை, தலையைத் திருப்பினால் கீச்சென்று சத்தம் வருகிறது. இன்னொன்று கண் வரையாத சிவப்பு உருண்டை. இவை குழந்தைகள் விளையாடவா, பூஜையில் வைக்கவா? கையால் செய்தவையா? எப்படிப் பத்திரப்படுத்துவது?" எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மரப் பொம்மையின் பெயர் கொகேஷி. தலை கீச்சிடுவதை வைத்தே அதன் ஊரையும் சொல்லிவிடலாம்: அநேகமாக மியாகி மாகாணத்தில் இருக்கும் நருகோ. சிவப்பு உருண்டை தருமா, பெரும்பாலும் குன்மா மாகாணத்துத் தகசாகியில் செய்தது. இரண்டுக்கும் கை கால் கிடையாது, ஆனால் காரணம் வேறு வேறு. கொகேஷி கடைசல் இயந்திரத்தில் பிறந்தது. தருமா ஒரு துறவியின் கதையிலிருந்து வந்தது. ஜப்பானில் இப்படி ஊருக்கு ஊர் மாறும் பழைய பொம்மைகளைக் 'கியோதோ கங்கு', அதாவது ஊர்ப் பொம்மைகள் என்கிறார்கள். இவற்றில் எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் கேட்பது, இதைச் செய்தவர் மற்ற நாட்களில் என்ன தொழில் பார்த்தார் என்பதைத்தான். அது தெரிந்தால் பொம்மையின் உருவம் பாதி விளங்கிவிடும்.

கொகேஷி செய்தவர்கள் கிண்ணம் கடைந்தவர்கள். கிஜிஷி என்று பெயர். மலைக்காட்டில் நல்ல மரம் இருக்கும் இடமாகப் பார்த்துக் குடியேறி, கிண்ணமும் தட்டும் கடைந்து விற்று, மரம் தீர்ந்ததும் அடுத்த மலைக்குப் போனவர்கள். 9ஆம் நூற்றாண்டின் கொரேதகா இளவரசர்தான் தங்கள் தொழிலின் முதல்வர் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஜப்பானின் வடகிழக்கான தோஹொகு பகுதியில் குளிரும் பனியும் அதிகம், வெந்நீர் ஊற்றுகளும் அதிகம். நடவும் அறுவடையும் முடிந்த உழவர்கள் அரிசி, பாத்திரம் சகிதம் அந்த ஊற்றூர்களுக்குப் போய், நாள்கணக்கில் தங்கி, வெந்நீரில் குளித்து உடம்பு வலியைப் போக்கிக்கொள்வார்கள். ஊர் திரும்பும்போது பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிப் போக வேண்டுமே! கிண்ணம் விற்க வந்த கடைசல்காரர்கள் கையில் இருந்த மரத்துண்டிலேயே பம்பரமும் பொம்மையும் கடைந்து விற்றார்கள். எடோ காலம் (1603-1868) என்று சொல்லும் ஷோகன் ஆட்சிக்காலத்தின் கடைசிப் பகுதியில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, கொகேஷி இப்படித்தான் வந்தது.

கடைசலில் சுற்றும் கட்டையில் உளி வைத்தால் வட்டமாகத்தான் வரும். உருண்டைத் தலை வரும், உருளை உடம்பு வரும். கை கால் வராது. தனியாகச் செதுக்கி ஒட்டினால் நேரமும் கூடும், விலையும் கூடும், பிள்ளை கையில் சீக்கிரம் உடையவும் செய்யும். அதனால் கடைசல் கொடுத்த உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மீதியைத் தூரிகையிடம் விட்டுவிட்டார்கள்.

செய்முறை மரத்திலிருந்து தொடங்குகிறது. அதிகம் பயன்படுவது மிசுகி என்ற மரம். வெள்ளையாக, நெருக்கமான இழையோடு இருக்கும், சாயம் நன்றாகப் பிடிக்கும். நீர்ச்சத்து மிகுந்த மரம் என்பதால் இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலத்துக்குள் வெட்டி, பட்டையை உரித்து, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கும் மேல் வெளியில் நிறுத்திக் காயவைக்கிறார்கள். அவசரப்பட்டால் பின்னால் வெடிக்கும். கருத்த மேனி வேண்டுமென்றால் செர்ரி மரம்.

காய்ந்த கட்டையை அளவாக அறுத்து, கடைசலில் மாட்டி, நீளக் கைப்பிடி உள்ள 'கன்னா' என்ற உளியால் கடைகிறார்கள். இந்த உளியைக் கடைசல்காரரே உலையில் காய்ச்சி அடித்துக்கொள்வது வழக்கம். தன் கைக்கும் தன் பொம்மையின் வளைவுக்கும் ஏற்ற உளி கடையில் கிடைக்காது. பழைய கடைசலுக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் தண்டில் சுற்றிய கயிற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி இழுப்பார், மற்றவர் கடைவார். அதற்கு அடுத்த மெய்ஜி காலத்தில் (1868-1912) காலால் மிதித்து ஒருவரே ஓட்டும் கடைசல் பரவியது. இன்று மோட்டார். ஆனால் உளி இன்றும் கையில்தான்.

கடைந்ததும் தேய்ப்பு. உப்புத்தாள் வருவதற்கு முன்பு 'தொகுசா' என்ற சொரசொரப்பான தண்டுப் புல்லால் தேய்த்தார்கள், சிலர் இன்றும் அதை விடவில்லை. பிறகு வண்ணம். உடம்பில் வளையங்கள் வேண்டுமென்றால் கட்டை சுற்றிக்கொண்டிருக்கும்போதே தூரிகையின் நுனியை ஒட்டிப் பிடிப்பார்கள், கோடு தானே வட்டமாக விழும். பூவும் முகமும் கட்டையை நிறுத்திவிட்டு வரைவது. முகத்துக்கு மை கறுப்பு. கண், மூக்கு, வாய் எல்லாம் சேர்ந்து ஏழெட்டுக் கோடுதான், ஆனால் ஒரு கோடு மயிரிழை பிசகினாலும் முகமே மாறிப்போகும், அழிக்கவும் முடியாது. மரம் மையை உறிஞ்சிவிடும். கடைசியாக மறுபடி கடைசலில் சுற்றவிட்டு மெழுகு தடவி மெருகேற்றுவார்கள்.

இனி உங்கள் பொம்மையின் கீச்சுச் சத்தம். நருகோ பட்டறைகளில் பார்க்கவேண்டிய இடம் இதுதான். தலையைத் தனியாகக் கடைந்து, கழுத்தின் அடியில் சிறு குமிழ் விட்டிருப்பார்கள். உடம்பின் மேலே அந்தக் குமிழைவிடக் கொஞ்சம் குறுகலான வாயுள்ள குழி. உடம்பைக் கடைசலில் வேகமாகச் சுற்றவிட்டு, தலையைக் கையில் பிடித்து அந்தக் குழிக்குள் அழுத்துவார் கடைசல்காரர். மரமும் மரமும் உரசிச் சூடாகும், கருகல் வாசனைகூட லேசாக வரும். சரியான நொடியில் குமிழ் உள்ளே இறங்கிக்கொள்ளும். பசை கிடையாது, ஆணி கிடையாது. அதன் பிறகு தலை கழன்று வராது, ஆனால் திரும்பும், திரும்பும்போது கீச்சிடும். கொஞ்சம் முன்னால் அழுத்தினால் இறங்காது, அதிகம் அழுத்தினால் உடம்பு பிளந்துவிடும். இந்த ஒரு வேலைக்காகவே நருகோவை நான் மற்ற ஊர்களுக்கு ஒரு படி மேலே வைப்பேன்.

மற்ற ஊர்களுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. கொகேஷியைப் பொதுவாக 11 மரபுகளாகப் பிரிப்பார்கள். நருகோவுடன் தோகத்தா, சுச்சியு என்ற ஊர்களை மூலப் பிறப்பிடங்களாகச் சொல்வது வழக்கம். தோகத்தாவில் தலை பெரிது, உச்சியில் சிவப்புக் கோடுகள் கதிர்போல விரியும். சுச்சியுவில் உடம்பெல்லாம் வளையம், உச்சந்தலையில் கறுப்பு வட்டம். சகுனாமிப் பொம்மையின் உடம்பு ஒல்லி, சின்னக் குழந்தையின் பிடிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக. வடக்கே சுகருவில் தலையும் உடம்பும் ஒரே கட்டையில் வரும். இவாத்தே பக்கத்து நான்பு மரபில் பல பொம்மைகளுக்கு வண்ணமே கிடையாது. தலை மட்டும் ஆடும், கைக்குழந்தை வாயில் வைத்துச் சப்புவதற்கு அதைக் கொடுத்தார்கள். விளையாடுவதற்கா என்று கேட்டீர்களே, வாயில் வைத்துக் கடிப்பதற்கே செய்திருக்கிறார்கள். ஊருக்கு ஒரு பெயராக வழங்கிவந்த இந்தப் பொம்மைகளுக்குக் கொகேஷி என்ற ஒரே பெயர் வைப்பதென்று முடிவானது 1940இல், நருகோவில் கூடிய ஒரு கூட்டத்தில்.

அடுத்து தருமா. இங்கே நம் ஊரும் வருகிறது. தருமா என்பது போதிதர்மர், ஜென் மரபின் முதல் குரு. தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாவது மகன் என்று 6ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது. பாரசீகத்திலிருந்து வந்தவர் என்று சொல்லும் குறிப்பும் அதே காலத்தில் உண்டு. காஞ்சிபுரம் என்று ஊர் குறிப்பது பிற்கால மரபு. அவர் சீனாவில் ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்தபடி தியானத்தில் உட்கார்ந்து கை கால் இழந்தார் என்பது கதை. அந்தக் கதைதான் பொம்மைக்குக் கை கால் இல்லாமல் செய்தது. ஆனால் அடி கனத்து, தள்ளினாலும் எழுந்து உட்காரும் பொம்மை போதிதர்மர் உருவத்துக்கு முன்பே சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்துவிட்டது. எடோ காலத்தில் அதற்குத் துறவியின் முகம் வரைந்தார்கள். நம் தஞ்சாவூர் சாய்ந்தாடும் பொம்மையை ஆட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் சூத்திரத்தை விளக்க வேண்டியதில்லை.

தகசாகியில் 1697இல் தோன்றிய ஷோரின்ஸான் தருமா கோயில் இருக்கிறது. புத்தாண்டுக்குத் துறவியின் படத்தைக் காப்பாகக் கொடுப்பது அங்கே வழக்கமாக இருந்தது. 1783இல் அசாமா எரிமலை வெடித்து, பெரும் பஞ்சம் வந்து, உழவர்கள் நொடிந்துபோன பிறகு, அந்தக் கோயிலின் குரு ஒருவர் மர அச்சு செதுக்கிக் கொடுத்து, காகிதப் பொம்மை செய்து விற்றுப் பிழைக்கச் சொன்னார் என்பது அவ்வூர் வரலாறு. ஆரம்பத்தில் சிவப்புச் சாயம் கிடைப்பது சிரமம், அதனால் செய்தவர்களும் குறைவு. 1859இல் யோகோஹாமா துறைமுகம் திறந்து வெளிநாட்டுச் சாயம் வரத் தொடங்கியதும் தொழில் பெருகியது.

வாங்கியவர்கள் யார்? பட்டுப்புழு வளர்த்த குடும்பங்கள். புழு நான்கு முறை அசையாமல் கிடந்து தோலுரித்து எழும், எழாவிட்டால் அந்த ஆண்டு வருமானம் போயிற்று. விழுந்தாலும் எழும் பொம்மை அவர்களுக்கு நேரான வேண்டுதலாக இருந்தது. செய்தவர்களும் உழவர்களே. அறுவடை முடிந்த பின், மலையிலிருந்து இறங்கும் வறண்ட குளிர்காற்றில் பொம்மைகளை வரிசையாகக் காயவைத்தார்கள். வேலை இல்லாத பருவமும் காகிதம் காயும் பருவமும் ஒன்றாக அமைந்ததால்தான் அந்த ஊரில் இந்தத் தொழில் நிலைத்தது.

கண் ஏன் இல்லை என்றால், வாங்கியவர் வரைய வேண்டும். வேண்டிக்கொண்டு பொம்மையின் இடது கண், நிறைவேறியதும் வலது கண். ஆண்டு முடிந்ததும் கோயிலில் திருப்பிக் கொடுத்தால் அங்கே எரிப்பார்கள். வீட்டில் மாடத்தில் வைத்துக் கும்பிடுபவர்களும் உண்டு. எனவே இது விளையாட்டுச் சாமானும் காப்பும் சேர்ந்தது. தகசாகி முகத்தில் புருவத்தைப் பாருங்கள், கொக்கு வடிவம். தாடி ஆமை. இரண்டும் நீண்ட ஆயுளுக்கு. செந்தாய் நகரத்து மட்சுகாவா தருமாவுக்கோ இரண்டு கண்களும் வரைந்தே வரும்.

காகிதப் பொம்மை செய்யும் முறைக்கு ஹரிகோ என்று பெயர். மர அச்சின் மேல் வாஷி என்ற ஜப்பானியக் கைக்காகிதத்தை நனைத்துப் பசையோடு இரண்டு மூன்று சுற்று ஒட்டுவார்கள். முன்காலத்தில் பழைய கணக்குப் புத்தகத் தாளே போதும், உடைந்த பழைய பொம்மையின் உள்ளே கடைக்காரர் எழுத்து இன்றும் தெரியும். காய்ந்ததும் முதுகில் கத்தியால் கீறி அச்சை வெளியே எடுத்து, கீறலைக் காகிதத் துண்டால் மூடுவார்கள். அதன் மேல் கோஃபுன் என்ற வெள்ளைப் பூச்சு. சிப்பி ஓட்டை ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு, அரைத்து எடுத்த மாவு அது. அதை நிகாவா என்ற தோல் வஜ்ஜிரத்தில், அதாவது தோலைக் காய்ச்சி எடுத்த பசையில் குழைப்பார்கள். இதில்தான் கைப்பழக்கம் தெரியும். வஜ்ஜிரம் கொதித்தால் பிடிப்பு போய்விடும், ஆறினால் தூரிகையிலேயே உறையும். அளவு கூடினால் பூச்சு வெடிக்கும், குறைந்தால் தொட்ட கையில் வெள்ளை ஒட்டும்.

உங்கள் தருமாவை முழுக்கக் கையால் செய்தது என்று சொல்ல மாட்டேன். தகசாகியில் இன்று உடம்பைப் பெரும்பாலும் காகிதக்கூழை இயந்திரத்தில் உறிஞ்சி வார்க்கிறார்கள். சிவப்பு முக்கியெடுத்தது. முகம் மட்டும் பெரும்பாலும் கையால் வரைந்தது. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தருமா என்றைக்குமே நிறையச் செய்து மலிவாக விற்ற பொம்மைதான்.

இந்தப் பொம்மைகளின் சிவப்பு நிறத்துக்கும் ஒரு காரணம் உண்டு: பெரியம்மை. அம்மை கண்ட குழந்தையின் பக்கத்தில் சிவப்புப் பொம்மை, சிவப்புப் படம், சிவப்புத் துணி வைத்தால் நோய் லேசாகும் என்று நம்பினார்கள். தடுப்பூசி ஜப்பானில் வேரூன்றியதே 1849க்குப் பிறகு. ஃபுகுஷிமா மாகாணத்து ஐஸுவின் அகபெகோ என்ற சிவப்பு மாட்டைப் பார்த்திருப்பீர்கள். தலையைத் தொட்டால் மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கும். தலை உடம்போடு ஒட்டியிருக்காது, நூலில் தொங்கும். யானாய்ஸு ஊரின் என்ஸோஜி கோயிலைக் கட்ட மரம் இழுத்த சிவப்பு மாடு என்பது கதை. உடம்பில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் அம்மைத் தழும்புகள் என்பார்கள், குழந்தைக்கு வர வேண்டியதை மாடு வாங்கிக்கொண்டதாம். பிள்ளைகளை அம்மைக்குப் பறிகொடுத்த காலத்துப் பெற்றோர் இதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விழித்திருந்திருப்பார்கள் என்று நினைத்தால், அந்தத் தலையாட்டத்தை வெறும் வேடிக்கையாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. அதே ஐஸுவில் ஜனவரி 10ஆம் தேதிச் சந்தையில் கட்டைவிரல் அளவு எழும் பொம்மைகள் விற்கும். வீட்டில் எத்தனை பேரோ அதைவிட ஒன்று கூட வாங்க வேண்டும், குடும்பம் பெருகட்டும் என்று.

மண் பொம்மைகளுக்குத் தாய்வீடு கியோத்தோவின் ஃபுஷிமி, இனாரி கோயில் வாசல். இரண்டு பாதி அச்சில் களிமண்ணை அழுத்தி, ஒட்டி, சுட்டு, கோஃபுன் பூசி வண்ணம் தீட்டியவை. கோயிலுக்கு வந்தவர்கள் வழியாக நாடெங்கும் போய், போன இடத்துக் குயவர்கள் அந்தப் பொம்மையின் மேலேயே அச்செடுத்துப் புதிது செய்தார்கள். களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். ஆகவே நகல் மூலத்தைவிடச் சிறிதாக இருக்கும், நகலின் நகல் இன்னும் சிறிதாக இருக்கும். பொம்மையின் உயரத்தையும் மழுங்கிய மடிப்புகளையும் வைத்தே அது எத்தனையாவது தலைமுறை என்று பழகியவர்கள் ஊகிப்பார்கள்.

யொனெசாவா பக்கம் சசானோ ஊரில் ஒரே பெரிய கத்தியால் மரத்தைச் சீவிச் சீவிப் பருந்தின் இறகுகளைச் சுருள விடுகிறார்கள். பனியில் முடங்கிய உழவர்களின் குளிர்கால வேலை அது, 18ஆம் நூற்றாண்டில் யொனெசாவாவை ஆண்ட பிரபு உயெசுகி யோஸான் ஊக்கம் கொடுத்தார். குதிரை வளர்த்த ஊர்களில் மரக் குதிரைகள். ஃபுகுஷிமாவின் மிஹாரு குதிரை 1954 புத்தாண்டுத் தபால்தலையில் வந்தது, அகபெகோ 1961இல்.

இவை இன்று நம் கைக்கு வந்ததற்குச் சேகரிப்பாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மெய்ஜி காலத்தில் தகரப் பொம்மையும் பிறகு செல்லுலாய்டும் வந்ததும் பிள்ளைகள் மரத்தையும் காகிதத்தையும் விட்டுவிட்டார்கள். அப்போது டோக்கியோவின் ஷிமிசு செய்ஃபூ என்பவர் ஊர் ஊராகப் பொம்மைகளைத் தேடி, வண்ணத்தில் வரைந்து 1891 முதல் தொகுதிகளாக வெளியிட்டார். கொகேஷிக்கென்றே முதல் புத்தகத்தை 1928இல் செந்தாயின் அமாயே தோமியா எழுதினார். அதன்பிறகு பெரியவர்கள் வாங்கத் தொடங்கினார்கள், கடைசல்காரர்கள் உயிர் பிழைத்தார்கள். கூடவே ஒரு மாற்றமும் வந்தது. குழந்தை இழுத்துக்கொண்டு திரிந்த பொம்மை அலமாரிக்கு ஏறியது. பொம்மையின் அடியில் கடைசல்காரர் பெயர் எழுதும் பழக்கமும் சேகரிப்பாளர்கள் வந்த பிறகு வேரூன்றியதுதான், பழைய பொம்மைகளில் பெயர் இருக்காது. தொழில் போகாமல் இருந்ததற்குக் கொடுத்த விலையாக இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இளைஞர்கள் வராமல் ஒரு மரபு நின்றுபோனால் அந்தப் பூவும் அந்த முகமும் நின்றுபோகும். இன்னொருவர் பார்த்து வரைந்துகொள்ளலாமே என்றால், குருவிடம் கற்றுத் தேறி அனுமதி வாங்காமல் அந்த மரபின் கோலத்தைப் போடுவதில்லை. அதனால்தான் வாங்கும்போது கொஞ்சம் விசாரித்து வாங்கச் சொல்கிறேன்.

உங்கள் கொகேஷியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மையால் ஒரு பெயர், சிலவற்றில் ஊரும் இருக்கும். இருந்தால் மரபுக் கொகேஷியாக இருக்க வாய்ப்பு அதிகம். எந்த மரபையும் சேராமல் கலைஞர் தன் விருப்பத்துக்குச் செய்யும் 'படைப்புக் கொகேஷி'களிலும் பெயர் இருக்கும் என்பதால், முகத்தையும் உடம்புக் கோலத்தையும் ஒப்பிட்டுத்தான் உறுதி செய்ய முடியும். நருகோ என்றால் தோளும் அடியும் அகன்று, இடை சற்று ஒடுங்கி, உடம்பில் செவ்வந்திப் பூ இருக்கும். பெயரும் இல்லை, வார்னிஷ் பளபளப்பு கெட்டியாக இருக்கிறது என்றால் சுற்றுலாக் கடைச் சரக்காக இருக்கலாம்.

பத்திரப்படுத்துவதில் மூன்று விஷயம். வெயில் படும் ஜன்னல் வேண்டாம், சாயம் சீக்கிரம் வெளிறும். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம், கொகேஷியின் சிவப்பு மரத்தில் கசிந்துவிடும், காய்ந்த மென்துணியோ தூரிகையோ போதும். கடலோர ஊரில் இருந்தால் மழைக்காலத்தில் தருமாவைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். வஜ்ஜிரம் ஈரம் இழுக்கும், பூஞ்சணம் பிடிக்கும், உள்ளே காகிதம் என்பதால் பூச்சியும் வரும். கீச்சிடும் தலையைத் தாராளமாகத் திருப்பலாம், அது அதற்காகச் செய்ததுதான். எண்ணெய் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

ஜப்பான் போகும் வாய்ப்பு கிடைத்தால், ஹிமேஜி நகரில் 1974 முதல் நடக்கும் ஜப்பான் பொம்மை அருங்காட்சியகத்தையும், நருகோவில் இருக்கும் கொகேஷிக் காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். நருகோவில் கொகேஷித் திருவிழா செப்டம்பரில் நடக்கும். தகசாகி கோயிலின் தருமாச் சந்தை ஜனவரி 6, 7 தேதிகளில். நருகோ பட்டறைகள் சிலவற்றில் வெள்ளைக் கட்டைப் பொம்மையைக் கொடுத்து உங்களையே முகம் வரையச் சொல்வார்கள். அங்கே போனால் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடாமல், தலை பொருத்துவதை ஒருமுறை காட்ட முடியுமா என்று கேளுங்கள்.